இன்டர்வெல் வரை ஒரு விரதம்

போன செவ்வாய்க்கிழமை, மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருந்து போன். டீச்சர்தான் பேசினார். "யாழினி பிரேயர்ல தலை சுத்தி உக்காந்துருச்சுக்கா. பயப்படாதீக, இப்ப நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போறீகளா?"

ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒரே நினைப்பு… ஆத்தா காட்டிவிட்டாள்!

ஏன் அப்படித் தோன்றியது? முதல் நாள்தான் வீட்டில் சண்டை. என் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் போர்மேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று, கல்யாணம் ஆனதில் இருந்து பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். செவ்வாய் விரதம் வேறு. இந்த வருஷம் முழங்கால் மக்கர் பண்ணுகிறது. சட்டி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேர்த்திக்கடனை விட முடியுமா? எனக்குப் பதிலாக நீ எடு என்று பிளஸ் ஒன் படிக்கும் மகளிடம் சொன்னேன்.

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா. நம்பாம எடுத்தா அது நடிப்பு" என்றாள்.

அவள் வயதில் என்னை எடு என்றிருந்தால் எடுத்திருப்பேன். நம்பிக்கை இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை — நானும் கேட்டுக்கொண்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேறு கதை சொன்னார். "டெய்லி சாப்பிடாமத்தான் வருதுக்கா. இன்டர்வெல்லுலதான் டிபன் டப்பாவைத் திறக்குது."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இட்லியை டப்பாவில் போடச் சொல்வது அவள் வழக்கம். அங்கே போய் உடனே சாப்பிடுவாள் என்றல்லவா நினைத்திருந்தேன்? அன்றைக்கு விரதத்தில் நானும் பட்டினி, அவளும் பட்டினி. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏடி, டயட்டா இருக்க?"

பையைக் கழற்றி வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அப்பா காலைலதானம்மா வெடிமருந்து கலக்குற எடத்துல நிப்பாக. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும்னு அப்பாதான் சொல்லுவாக. அது முடியுற மட்டும் எனக்குத் தொண்டைல எறங்க மாட்டேங்குது."

"முடிஞ்சிருச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஸ்கூலைத் தாண்டித்தான ஆம்புலன்ஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்? இன்டர்வெல் வரைக்கும் ஒண்ணும் போகலைன்னா சாப்பிடுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டாவது படிக்கும்போதிருந்தே இப்படித்தானாம். என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி என்னைவிடக் கடுமையாகப் பட்டினி இருந்திருக்கிறாள், பெற்றவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப இதுவும் விரதந்தானடி?"

"இல்லம்மா. விரதம்னா சாமிகிட்ட ஏதாச்சும் கேக்கணும். நான் யாருகிட்டயும் எதுவும் கேக்கலை. பயமா இருக்கு, அம்புட்டுதான்."

அப்படியானால் நான் இத்தனை வருஷம் தீச்சட்டி எடுத்தது பக்தியிலா, பயத்திலா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது — இந்தத் தடவை எனக்கு!

சாயங்காலம் ஆலை வேனில் வந்து இறங்கியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். கோயில் பக்கம் அதிகம் போகாத மனுஷன்.

"மருந்து கலக்குற ரூம் வாசல்ல செப்புத் தகடு பதிச்சிருக்கும். உடம்புல இருக்குற கரண்டு மருந்துல பொறி தட்டிராம எறங்கட்டும்னு அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். நான் தொட்டுட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுவேன். சாமின்னு நெனைச்சு இல்ல… கை தானாப் போகுது."

நல்ல குடும்பம் போங்கள். கேட்டுக் கும்பிடுகிறவள் ஒருத்தி, கேட்காமல் பட்டினி கிடக்கிறவள் ஒருத்தி, தகட்டைக் கும்பிடுகிறவர் ஒருவர். இதில் யாரைப் பக்தர் என்பது? எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் எழுதுங்கள்.

மறுநாள் காலை வேன் அவரை ஏற்றிக்கொண்டு போனது. இட்லியைத் தட்டில் வைத்து மகளை உட்கார வைத்தேன். "நீ சாப்பிட்டுப் போம்மா. உனக்கும் சேத்து நானே பயந்துக்கிடுறேன்."

"அதெல்லாம் இன்னொருத்தர்கிட்ட மாத்திவிட முடியாதும்மா" என்று சிரித்தாள். எனக்காக ஒரே ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு விழுங்கிவிட்டுக் கிளம்பினாள்.

விளக்கேற்றி, கண்ணை மூடி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். வாய் ஆத்தாவைக் கூப்பிட்டது… காது ரோட்டில் நின்றது.