ஏழு நாள் காய வேண்டிய மேடை

பாலிஷ் போடுகிறவனை யாரும் முழுதாக நம்புவதில்லை; மட்ட மரத்தைத் தேக்காகக் காட்டத் தெரிந்தவன் வேறு எதை எப்படிக் காட்டுவானோ என்கிற பயம் நியாயமானதுதான். அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், முதுகில் ஒரு ஜோடிக் கண் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்குக் கோவிலம்பாக்கத்தில், ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒட்டியது. சுந்தர் சாரும் மாலினி மேடமும் கிரானைட்டைப் பெயர்த்துவிட்டு மரத்தில் சமையல் மேடை செய்துகொண்டிருந்தார்கள். அது நன்றாக வந்தால் அதே கட்டடத்தில் இன்னும் மூன்று வீடுகள் மரத்துக்கு மாறுவதாகப் பேச்சு. தாம்பரத்திலிருந்து வேலை தேடி அலைகிற எனக்கு அந்த மூன்று வீடுகள்தான் கண்ணில் நின்றன.

சாம்பிள் துண்டு

மேடையில் கை வைக்கும் முன், அதே மரத்தின் வெட்டுத் துண்டில் சாயம் ஏற்றி, மேலே கோட் அடித்துக் காய வைத்துக் கொடுப்பது என் வழக்கம். சுந்தர் சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். டியூப்லைட்டில் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு ஆபீஸ் போனார்.

மறுநாள் துண்டைத் துடைத்து என்னிடம் நீட்டியவர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. "கலர் கொஞ்சம்கூடப் போகலை பாஸ். அதான் எனக்கு டவுட்டா இருக்கு."

அடிப்பக்கம்

பலகையைப் பொருத்துவதற்கு முன் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்துக்கும் இரண்டு கோட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழிருந்து ஈரம் ஏறி, ஆறு மாதத்தில் பலகை வளையும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். மாலினி மேடம் காபியோடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"யாரும் பாக்காத பக்கத்தையே இவ்ளோ பாலிஷ் பண்றீங்களேண்ணா, மேல் பக்கத்துல எதை மறைக்கப் போறீங்க?"

காய்வதைப் பார்ப்பது

மூன்றாம் நாள் போனபோது சமையலறை மூலையில் ஒரு கேமரா இருந்தது. பூனைக்காக என்றார்கள். இரண்டாம் மாடிக்கு எந்தப் பூனை வரும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கோட் அடித்துவிட்டு, அடுத்ததற்கு நேரம் ஆகும் என்று சுவரோரம் உட்கார்ந்தேன். போன் அடித்தது. ஆபீஸிலிருந்து சுந்தர் சார்.

"ஏன் உக்காந்துட்டீங்க?"

"காயுது சார்."

"அதைக் கொஞ்சம் நின்னுகிட்டே பாக்கலாமே?"

நாள்காட்டி

கடைசிக் கோட் முடிந்ததும் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னேன்: தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே இறுக ஏழு நாள் ஆகும், அதுவரை அடுப்பு கூடாது, தண்ணீர் கூடாது. மேடம் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். ஆடி பிறக்க ஐந்து நாள்தான் இருந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். புது மேடையில் பால் காய்ச்சுவதென்றால் அதற்கு முன் காய்ச்ச வேண்டும். "ஆடியாவது ஒண்ணாவது, ஏழு நாளும் அடுப்பு ஹால்லதான்" என்று சார் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "மரம் காத்திருக்கும். மாசம் காத்திருக்குமா?"

கறை

ஆடிக்கு முந்தின நாள் காலை உடனே வரச் சொல்லி போன். கேட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "இன்னாண்ணா, உன் பாலிஷ் குரூப்ல ஓடிக்கினு கீது. எல்லாரும் பேஜாராயிட்டாங்க." சுந்தர் சார் படம் எடுத்து அடுக்கக வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: பாலிஷ்காரர்களிடம் ஜாக்கிரதை.

மேடையில், அடுப்பு வைக்கிற இடத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்தது. "டூப்ளிகேட் மெட்டீரியல்" என்றார் சார். நான் குனிந்து முகர்ந்தேன். தீய்ந்த பால். நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தேன். அவர் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்த வீட்டில் சண்டை. சொல்லாவிட்டால் மூன்று வீடுகள் போச்சு.

"கேமராவுல பாத்துடலாமே சார்" என்றேன். நான் வேலை முடித்துப் போன பிறகு அதை அவர் திறந்தே பார்த்திருக்கவில்லை. உற்சாகமாகப் போனை எடுத்தார். மேடம் அவர் கையைப் பிடித்தார்.

"பாக்க வேணாம். பொங்கணும்னுதான் பால் காய்ச்சறது. பொங்கிடுச்சு."

குரூப்

சார் படத்தை நீக்கினார். என் மேல் தவறில்லை என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். "அதான் டெலீட் பண்ணிட்டேனே" என்றார். படி இறங்கும்போது, மேடை மாற்றப்போகிற மூன்று பேரில் ஒருவரான தரைத்தள கஸ்தூரி அம்மா கதவருகே காத்திருந்தார். "டெலீட் பண்ற அளவுக்கு அப்படி என்னப்பா பண்ணே?"

மறுநாள் நான் வெளுத்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாலினி மேடம் பக்கத்தில் நின்றுகொண்டே கேமராக் காட்சியைக் குரூப்பில் போட்டார். விடியற்காலை, பாத்திரம், பொங்கி வழிகிற பால், கைகூப்பி நிற்கும் அவர். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பாலிஷைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சாயங்காலம் கஸ்தூரி அம்மா போன் செய்தார்.

"அளவெடுக்க எப்பப்பா வர்றே? ஆனா பாலுக்கே தாங்காதது, சாம்பாருக்குத் தாங்குமா?"

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் மரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் பால் என்றைக்குக் காய்ச்சப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன், இவன் எதற்கு அதைக் கேட்கிறான் என்று அவர்கள் அங்கிருந்தே சந்தேகப்படத் தொடங்கிவிடுகிறார்கள்.