கதை எழுதும் கலையும் ஒரு பெட்பேனும்

மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையோடு படுக்கையாகிவிட்ட பிறகு, எங்கள் வீட்டில் அருவருப்பு என்பது ரத்த சொந்தங்களுக்கு மட்டும் உரிய சொத்தாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்குக் குமட்டும். காலையில் அப்பாவின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டால் போதும், டிபன் இறங்காது. "அவனுக்கு அப்பா மேல அவ்வளவு பாசம், இந்தக் கோலத்துல பார்க்க முடியலை பாவம்" என்பார் நாத்தனார். வாரம் ஒருமுறை தி.நகரிலிருந்து வந்து, அறை வாசலுக்கு இந்தப் பக்கமே நின்று நலம் விசாரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார். அவருக்கும் குமட்டும். அவருடைய வயிறு ரொம்ப சென்சிட்டிவாம்.

எனக்கு மட்டும் குமட்டக் கூடாது. நான் மருமகள். பெட்பேனை வைத்து, எடுத்து, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, பவுடர் போடுவது என் வேலை. மாமியார் இல்லை. அமர்த்திய ஆயா இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள். கோயிலுக்குப் போனால், குளத்தங்கரையில் பார்க்கிற ஒவ்வொரு பெண்மணியும் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ புண்ணியவதிம்மா" என்பாள். அந்தக் கைதான் காலையில் என்னவெல்லாம் செய்தது என்று சொன்னால் உதறிவிட்டு ஓடியிருப்பாள்.

இத்தனைக்கும் நாற்றத்தைப் பற்றிப் பேசுவது மயிலாப்பூரில் யாருக்கும் கூச்சமான விஷயம் இல்லை. கால்வாய் நாறுகிறது என்று காலையில் பால் வாங்கும்போது ஆரம்பித்தால் இரவு கதவைச் சாத்தும்வரை பேசுவார்கள். கவுன்சிலரைத் திட்டுவார்கள், மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். மனுஷனுடைய மலம் நாறுகிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் நீ கெட்டவள்.

நான் என்ன செய்வேன் என்றால், அறைக்குள் போவதற்கு முன்பு சமையலறை அலமாரியின் பின்னால் ஒளித்து வைத்திருந்த நீலகிரித் தைலத்தில் ஒரு சொட்டு எடுத்து மூக்குக்குக் கீழே தடவிக்கொள்வேன். வாசனை வருகிறதே என்று யாராவது கேட்டால் சளி என்பேன். அந்த வருஷம் முழுக்க எனக்குச் சளிதான்.

இதை ஒரு கதையாக எழுதினேன். அதற்கு முன்னால் பத்திரிகைகளுக்கு இரண்டு மூன்று அனுப்பி, நானே விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி வைத்த உறையில் என் கையெழுத்தே எனக்குத் திரும்பி வந்திருந்தது. அவையெல்லாம் காதல் கதைகள், போனால் போகிறது. இது அப்படியில்லை. ஒரு மருமகள், ஒரு பெட்பேன், ஒரு தைலக் குப்பி. கிழவர் மரக்கட்டை மாதிரி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவள் எல்லாம் முடித்து, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, அந்தக் கையால் தயிர்சாதம் பிசைய முடியாமல் ஸ்பூன் எடுக்கிறாள். அவ்வளவுதான். கடைசிவரை அவளுக்கு அருவருப்புத்தான்.

யாராவது ஒரே ஒரு ஆள் இதைப் படித்துவிட்டு, "ஆமாம், அப்படித்தான் இருக்கும், அது ஒன்றும் பாவமில்லை" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பிரசுரம்கூட இரண்டாம்பட்சம்.

அடையாறில் ஒரு வீட்டு மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டம் நடக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் படிக்கலாம், பெரியவர் ஒருவர் திருத்திக் கொடுப்பார். அவர் முதலில் கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் பட்டியல். அதில் உள்ள நூறு புத்தகங்களைப் படிக்காமல் பேனாவைத் தொடுவது இலக்கியத்துக்குச் செய்யும் துரோகமாம். பட்டியலைத் தூக்கிக்கொண்டு தி.நகர் வாடகை நூலகத்துக்குப் போனால் அதில் நாலு கிடைத்தது. ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் சாம்பார்க் கறை. இன்னொன்றில், கதாநாயகி தண்டவாளத்தை நோக்கி நடக்கும் கட்டத்தில், யாரோ வெட்டிப்போட்ட கால் நகம். அதோடு என் மேற்படிப்பு முடிந்தது.

என் கதையைப் பெரியவர் வாங்கி, ஒவ்வொரு தாளுக்கும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, "நடை இருக்கு. ஆனா மனிதநேயம் இல்லையேம்மா" என்றார். "கடைசில அவளுக்கு ஒரு கனிவு வரணும். கிழவர் தூக்கத்துல அவ கையைப் பிடிச்சுக்கறார்னு வையுங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தா போதும், கதை எங்கேயோ போயிடும்."

"வராது சார்" என்றேன்.

"எது?"

"கனிவு. வரலை."

சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்தாறு ஆண்களும் என்னைப் பார்த்த பார்வையில் நானே ஏதோ நாறுவது போல இருந்தது. அவர்களில் ஒருவராவது ஒரு பெட்பேனைக் கையால் தொட்டிருப்பாரா? வாயில் நன்றாக வந்தது. பஜ்ஜி கொடுத்தார்கள், தின்னாமல் வந்துவிட்டேன்.

அங்கேதான் யாரோ சொன்னார்கள், எழுதக் கற்றுக்கொள்ள இப்போதெல்லாம் இன்டர்நெட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்று. லஸ் பக்கம் ஒரு சந்தில், முன்பு எஸ்.டி.டி. பூத்தாக இருந்த இடத்தில், பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். மாமா தூங்குகிற மதிய வேளையில், மாடி வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன். பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. திரைச்சீலை எதற்கு என்று முதலில் புரியவில்லை. உட்கார்ந்த பிறகு புரிந்தது. எனக்கு முன்னால் இருந்தவன் பார்த்துவிட்டுப் போன படங்களெல்லாம், நான் கூப்பிடாமலே, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. மவுஸ் பிசுபிசுத்தது. அது வடை எண்ணெய்தான் என்று நினைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டேன்.

சென்டர்காரர் நெற்றி நிறைய விபூதியோடு திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எதுனா தானா வந்துச்சுன்னா மேல மூலைல பெருக்கல் குறி கீது பாரு, அத்த அமுக்கு. வந்துகினே தான் இருக்கும், நீ அமுக்கிகினே இரு."

அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகப் புது எழுத்தாளர்களுக்கு உதவும் பக்கங்கள் வந்தன. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு படி அரிசி பொறுக்கிவிடலாம். திறந்தால் அது இன்னும் பத்துப் பக்கங்களைப் பார் என்று சொல்லும். அடைமொழிகளை வெட்டு என்றார் ஒரு அமெரிக்கர். காலையில் எழுந்ததும் வேறு எதையும் தொடாமல் எழுது என்றார் இன்னொருவர். காலையில் எழுந்ததும் நான் எதைத் தொடுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது ஒரு அம்மாள், வாசனையை மறந்துவிடாதீர்கள், புதியவர்கள் மறப்பது அதைத்தான் என்று கெஞ்சியிருந்தாள். வாசனைதானே, வீட்டுக்கு வாடி அம்மா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கேபினில் சலசலப்பு நின்றது.

இது தவிர, கதாபாத்திரத்தை உருவாக்க உதவும் கேள்வித்தாள் ஒன்று. உங்கள் நாயகியின் கண் என்ன நிறம்? எங்கள் தெருவில் எல்லாருக்கும் கறுப்பு. தலைமயிர்? கறுப்பு. அவளுடைய ஃபிரிட்ஜில் இப்போது என்ன இருக்கிறது? தோசை மாவு. அவள் விடுமுறைக்கு எங்கே போவாள்? இந்தக் கேள்விக்கு மட்டும் கோபத்தில் கொஞ்ச நேரம் கையே ஓடவில்லை.

ஆனாலும் ஒரு குழு அகப்பட்டது. நம் கதையை அனுப்பினால் முகம் தெரியாத மனிதர்கள் படித்துவிட்டு ஒளிவு மறைவில்லாமல் கருத்துச் சொல்வார்களாம். அதற்கு முன்னால் மற்றவர்களின் கதை மூன்றுக்கு நாம் கருத்து எழுத வேண்டும். சாந்தோம் கான்வென்ட்டில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, ரத்தம் குடிக்கிற ஒரு பிரபுவுக்கும், துப்பறிகிற ஒரு குடிகாரனுக்கும், ஒரு டிராகனுக்கும் யோசனை சொன்னேன். பிறகு என் கதையை ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினேன். முகம் தெரியாதவர்களாவது உண்மையைச் சொல்வார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வாரம் கழித்துப் பதில்கள் வந்திருந்தன. பெரியவர்களை இப்படிப் போற்றும் உங்கள் கலாச்சாரம் என்னை அழவைத்துவிட்டது என்று ஒருவர். ஊதுபத்தி மணம் என் அறைவரை வந்தது என்று இன்னொருவர். நான் எழுதியிருந்தது ஃபினாயில். மூன்றாவது ஆள்தான் உச்சம். அந்தப் பெண் உள்ளே போகுமுன் எண்ணெய் பூசிக்கொள்வது இந்துக்களின் சடங்கா, அதைச் சற்று விளக்கினால் கதையின் ஆன்மிகம் இன்னும் துலங்கும் என்று கேட்டிருந்தார்.

தலையில் அடித்துக்கொண்டேன். அடையாறுக்காரர் கனிவு இல்லை என்கிறார். கடல் தாண்டி இருக்கிறவர்கள் கனிவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நான் அருவருப்பு என்று எழுதினால் ஏன் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை? எல்லாவற்றையும், அறிவுரை, கேள்வித்தாள், சிபாரிசு, கதை, கருத்து என்று ஒரு கட்டாக அச்செடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியாது, வயிற்றெரிச்சல்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்பேனை மூடப் பேப்பர் இல்லை. அறையிலிருந்து கூடத்தைக் கடந்து எடுத்துப் போகும்போது மேலே ஒரு தாள் போட்டு மூடுவது வழக்கம். பழைய பேப்பரையெல்லாம் முந்தின நாள்தான் எடைக்குப் போட்டிருந்தோம். அந்தக் கட்டை அப்படியே மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் தொப்பென்று போட்டேன். முதல் தாளாக, அடைமொழி வேண்டாம் என்ற அமெரிக்கரை எடுத்து மூடினேன். அன்றைக்குத்தான் அந்தப் பக்கங்கள் எனக்கு முதல்முறையாக உதவின. மனசு ஆறியது என்றே சொல்ல வேண்டும்.

மாமா ஒரு வக்கீல் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்து ரிடையரானவர். இடுப்புதான் போயிற்றே தவிர கண்ணும் புத்தியும் சரியாகவே இருந்தன. கைக்கெட்டியதை எல்லாம் படிப்பார். பேப்பர் முடிந்துவிட்டால் மருந்துச் சீட்டைப் படிப்பார். இரண்டு நாளாக அந்தத் தாள்கட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா இவன், ஹீரோயின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொல்றான்?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் பாலுக்கு உறை ஊற்றப் போய்விட்டேன். அந்தக் கட்டுக்குள் என் கதையும் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். அவர் மார்பின்மேல் நாலைந்து தாள்கள் இருந்தன. மேல் தாளில் என் கதையின் தலைப்பு தெரிந்தது.

"உன் கதையைப் படிச்சேன்" என்றார்.

கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அழப்போகிறார், மகனைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறார், இனிமேல் என் கையால் எதுவும் வேண்டாம் என்று சொல்லப்போகிறார். கதை மாமா, கற்பனை என்று ஏதோ உளறினேன்.

"ஒண்ணு தப்பா எழுதியிருக்க."

"என்ன மாமா?"

"அந்தக் கிழவன் தூங்கறான்னு எழுதியிருக்க. அந்த நேரத்துல எவன் தூங்குவான்? கண்ணை மூடிக்கிட்டிருக்கான், அவ்வளவுதான்." தாள்களை ஒழுங்காக அடுக்கி ஸ்டூலில் வைத்தார். "நீ சமையக்கட்டுல குப்பியைத் திறக்கிறப்பவே எனக்கு வாசனை வந்துடும். நீ கால் மணி நேரத்துல முடிச்சுட்டு வெளிய போயிடுற. எனக்கும் மூக்கு இருக்கும்மா. நான் எங்க போறது?"

அவருக்கும் நாறும் என்று அத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. கதை எழுதியபோதும் நினைக்கவில்லை. அந்த அமெரிக்கர்கள் யாரும் கேட்கவில்லை, நூறு புத்தகக்காரரும் கேட்கவில்லை.

"கஞ்சியைக் குடு" என்றார். பிறகு குடித்துக்கொண்டே, "காலைல எனக்கும் கொஞ்சம் தடவிட்டு ஆரம்பி" என்றார்.

மறுநாள் குப்பியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதலில் அவர் மூக்குக்குக் கீழே ஒரு சொட்டு, பிறகு எனக்கு. அவர் ஆழமாக ஒருதரம் இழுத்தார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"இப்பச் சொல்லு. அருவருப்பா இருக்கா?"

"இருக்கு மாமா."

"எனக்கும்தான்" என்றார். "சீக்கிரம் முடிம்மா."