சாமி மாட்டுக்குக் கொம்பு இறக்கிய கதை

ஜீவகாருண்ய சங்கத்து வேலையில் வாயில்லா ஜீவன்களால் தொல்லை குறைவு. அவற்றைச் சுற்றி நிற்பவர்களிடம் பேசித்தான் தொண்டை வறண்டுபோகும். சம்பளமில்லாமல் ஊர்வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திட்டு வாங்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டாம். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லை இங்கேயா அங்கேயா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம். நகரியில் எங்கள் சங்கம் என்றால் பள்ளிக்கூட வாத்தியாரான நானும் ஜவுளிக்கடை ரங்கையாவும்தான். மற்ற உறுப்பினர்கள் கூட்டத்தன்று காபிக்கு வருவார்கள்.

பாரம்

புத்தூர் சாலையில் வேர்க்கடலை மூட்டைகளோடு ஒரு வண்டி முனகிக்கொண்டு வந்தது. ஒரு மாட்டின் கழுத்தில் புண். நிறுத்தி, இரண்டு மூட்டையை இறக்கச் சொன்னோம். "எறக்கிட்டு? ரோட்டுலயே உட்டுட்டுப் போவவா?" என்றார் வண்டிக்காரர். நியாயமான கேள்வி. ரங்கையா வீரமாக ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார். மானத்துக்குப் பயந்து நானும் ஒன்றை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில் வரை நடந்தேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மெதுவா வாங்க சாமி. மாட்டுக்கு இன்னிக்கி அவசரம் ஒண்ணும் இல்ல."

கையெழுத்து

ஏழுமலையான் பேருக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்று ஊரில் திரிந்துகொண்டிருந்தது. அதன் இடது கொம்பு வளைந்து வளைந்து கண்ணுக்குள் இறங்கப் பார்த்தது. கண்ணில் ஓயாமல் நீர். நுனியை அறுக்காவிட்டால் கண் போய்விடும். சாமி மாடு என்று ஒருவரும் கிட்டே போகவில்லை.

மாட்டு டாக்டரிடம் ஓடினோம். சொந்தக்காரர் சம்மதிக்காமல் ரம்பம் வைக்கமாட்டேன் என்றார். சொந்தக்காரர் சாமிதானே என்றேன். டாக்டர் அசரவில்லை. "அப்ப திருமலைக்குப் போயி அவருகிட்டயே கையெழுத்து வாங்கினு வாங்க."

எந்த ராஜ்யம்

கிராம முன்சீப் பொறுப்பேற்றுச் சொன்னால் போதும் என்று டாக்டர் கொஞ்சம் இறங்கிவந்தார். முன்சீப் முழுவதும் கேட்டுவிட்டு யோசித்தார். காளை காலையில் நகரிப் பக்கம் மேயும், சாயந்திரம் திருத்தணிப் பக்கம் போய்விடும். "திருத்தணி எந்தப் பக்கம் போவும்னு பெரியவங்களுக்கே தெரியல. இது ஆந்திரா மாடா மெட்ராஸ் மாடான்னு நான் எப்டிப்பா சொல்றது?"

காணிக்கை

கடைசியில் அதை நேர்ந்துவிட்ட தறிக்காரர் வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் மனைவி கன்னியம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்காக விட்ட கன்று அது. "சாமிக்கு உட்டத அறுத்துட்டு, எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றாள். எனக்கே பயமாகத்தான் இருந்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளை அழைத்துப் போய்க் காளையைக் காட்டினோம். கிட்டே போய், நீர் வடியும் அந்தக் கண்ணைக் குனிந்து பார்த்தாள்.

பிறகு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மஞ்சத்தண்ணி எடுத்தாரேன்" என்றாள். "எம் புள்ளைக்கு மலையில முடி எறக்கினேன், சாமி கோச்சிக்கல. இதுவும் அவுரு புள்ளதான. இதுக்குக் கொம்ப எறக்குங்க. எறக்கினத அவுருகிட்டயே சேத்துடலாம்."

நன்றி

டாக்டர் மறுபேச்சில்லாமல் வந்தார். கயிறு போட்டுச் சாய்க்க நம் வேர்க்கடலை வண்டிக்காரரும் வந்தார். ரம்பத்துக்கு மஞ்சள்தண்ணீர் தெளித்து, நுனியை அறுத்தாயிற்று. அறுத்து முடியும்வரை கன்னியம்மா மகனின் கையை விடவில்லை. காளை எழுந்து, தலையை உதறி, இரண்டு கண்ணாலும் சுற்றிலும் பார்த்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னை நேராக வந்து இடுப்பில் ஒரு முட்டு முட்டியது. விழுந்து கிடந்த என்னைப் பார்த்துக் கன்னியம்மா முதல்முறையாகச் சிரித்தாள். "கண்ணு நல்லாத் தெரியுது சார். இத்தினி பேரு நிக்கறோம், கயிறு வச்சினுகிற ஆளாப் பாத்து முட்டுதே."

கொம்பு நுனி உண்டியலில் சேர்ந்தது, எல்லைத் தகராறும் ஒருவழியாகத் தீர்ந்தது, என் இடுப்பு மட்டும் இன்றுவரை எந்த ராஜ்யத்துக்கும் கட்டுப்படாமல் இருக்கிறது.