தினம் மாத்திரை போட்டவள்

என் தங்கச்சி சகாயசெல்வியை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே உப்பள மேஸ்திரி ஆதிமூலம் நாலு பேர் கேட்கச் சொன்னான்: “மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தா இது நடந்திருக்குமா?” என் கையெல்லாம் மண். பேசாமல் வந்துவிட்டேன். வருஷங்கள் போயும் அந்தப் பேச்சு செரிக்கவில்லை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அதனாலேயே கல்யாணம் கூடவில்லை. மரக்காணத்தில் உப்பு வாரிப் பிழைத்தாள். இரண்டு வித மாத்திரை தினமும் போட்டாள். வலிப்பும் வந்துகொண்டுதான் இருந்தது. 2005இல் ஒரு நாள் பாத்தி வரப்பில் விழுந்தாள். ஆதிமூலம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான்.

“மாத்திரைய தூக்கிக் கடாசிட்டு வந்து பாத்தியில உழுந்தா எவன் பதில் சொல்றது? போட்றேன்னு ருசு காட்டு, அப்புறம் வா.”

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறதென்று அளக்கும் மெஷின் ஒன்று, ஆராய்ச்சிக்காகப் புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்திருந்தது. ரத்தம் எடுக்கும்வரை காலை மாத்திரை போடக் கூடாது என்றார்கள். பஸ் கூனிமேடு தாண்டும்போதே, வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்துபோய் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் மாத்திரை. ரத்தம் கொடுத்த பிறகு வாயில் போடும்போது அது வேர்வையில் பாதி மாவாகியிருந்தது.

லேப் அம்மா மெஷினைக் காட்டினார். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். ரத்தத்தைத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் ஒரு துளியை உள்ளே இழுத்து, இரண்டு முனையிலும் கரண்டு கொடுப்பார்களாம். ஒவ்வொரு மருந்தும் அதனதன் வேகத்தில் ஓடித் தனித்தனியாக வந்து சேருமாம். எது எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கோடு எழும்புமாம்.

“ஒண்ணா கலந்தது எப்படிம்மா பிரியும்?” என்றேன்.

செல்வி சிரித்துவிட்டாள். “கடல் தண்ணியில மொதல்ல சுண்ணாம்பு படியுது, அப்புறம் உப்பு, கடைசியில கசப்புத் தண்ணி நிக்குது. அத யாரு பிரிக்கிறா? சும்மா இருண்ணா, மானத்த வாங்காத.”

அடுத்த வாரம் டாக்டர் சொன்னார்: “ரெண்டு மருந்தும் இருக்க வேண்டிய அளவுல இருக்கு. தங்கச்சி சரியாத்தான் போட்றாங்க.”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான்தான் கேட்டுத் தொலைத்தேன். “அப்ப ஏன் சார் வலிப்பு நிக்கல?”

“அளவு கொறைவா இருந்தா கூட்டலாம். இதுக்கு மேல கூட்டினா மருந்தே விஷம். வேற மாத்திரை மாத்திப் பாக்குறேன், ஆனா உறுதியா சொல்ல முடியாதுங்க. தண்ணிகிட்ட மட்டும் வேலைக்கு அனுப்பாதீங்க.”

உப்பளத்தை விட்டால் அவளுக்கு எங்கே வேலை? டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் ஆதிமூலத்திடம் சொன்னாள். “போட்றியா? அப்ப வா” என்று சேர்த்துக்கொண்டான். புது மாத்திரைக்கும் வலிப்பு அடங்கவில்லை. மழைக்கு முன் கடைசியாக உப்பு வாரும்போது, கணுக்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தாள்.

அதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில் சொன்னாள்: “அண்ணா, என்னிக்காவது நான் உழுந்து போயிட்டா, மாத்திரை போடாமதான் செத்தாள்னு எவனாவது சொல்லுவான். நீ சண்டைக்குப் போயிடாத. தினம் போட்டாள்னு மட்டும் சொல்லு.”