காலி செய்ய ஒரு வெடி

காலை பத்து மணிக்கு ஒரு மனிதர் தோளில் துப்பாக்கியோடு கடைக்குள் நுழைகிறார். இன்னொரு கையில் காப்பி. வாசலில் நிற்கும் பெண் "குட் மார்னிங்" சொல்லி, என் மேசை இருக்கும் பக்கத்தைக் கை காட்டுகிறாள். பால் பாக்கெட் வாங்க வந்தவரைப் போல அவர் பாட்டுக்கு நடந்து வருகிறார். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒஹாயோவுக்கு வந்து ஏழு வருடமாகிவிட்டது, இன்னமும் எனக்கு மட்டும் கண் தன்னால் வாசலுக்குப் போய், அவர் பின்னாலேயே போலீஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.

என் மனைவி இங்கே நர்ஸ். அவள் பின்னால் வந்தவன் நான். புதுக்கோட்டையில் படித்த மெக்கானிக்கல் டிப்ளமோவை வைத்துக்கொண்டு, வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையில் துப்பாக்கிகளுக்குக் குறிக் கண்ணாடி மாட்டித் தரும் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். மசில்லோடர் சீசன். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, ஒரே ஒரு முறை சுடுகிற துப்பாக்கிதான் மசில்லோடர். மறுபடி சுட மறுபடி இடிக்க வேண்டும். பாட்டன் பூட்டன் வேட்டையாடிய முறை என்று இவர்களுக்கு அதில் தனிப் பெருமை. அதன் முதுகில்தான் நான் ரெட் டாட் மாட்டுகிறேன். தீப்பெட்டி அளவுள்ள சாதனம், உள்ளே ஒரு கண்ணாடி, கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. பின்பக்கப் பள்ளத்தையும் நுனிக் குமிழையும் மானையும் ஒரே கோட்டில் கொண்டுவரும் பாடு இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு புள்ளியை மான் மேல் வைத்தால் போதும். பேட்டரி போட்ட பாட்டன் காலம்.

அது அவர்கள் ஆசை, எனக்கென்ன வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறு. மற்றத் துப்பாக்கிகளை விற்றால் படிவம் நிரப்பி, வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க வேண்டும். மசில்லோடருக்கு அதெல்லாம் கிடையாது. இந்த நாட்டுச் சட்டக் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. தூண்டிலோடும் கூடாரத்தோடும் சேர்த்து பில் போட்டுக் கொடுக்கிறேன். அதே மாதிரி ஒரு துப்பாக்கிக்காக என் அண்ணன் பதினொரு நாள் ஜெயிலில் இருந்தார்.

கந்தர்வகோட்டைக்குப் பக்கத்தில் அண்ணனுக்கு மூன்று ஏக்கர் கடலைக் கொல்லை. கொல்லையை ஒட்டி முந்திரிக்காடு, காட்டுக்குள் பன்றி. காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கரை உழுது போட்டுவிடும். அதற்காக அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் லைசென்ஸ் உள்ள குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பெயருக்கு மாறியது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்தபின் திரும்பத் தருவார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் எல்லா சம்சாரிக்கும் இது பழகிப்போன சடங்கு. காலியாகக் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த முறையும் அண்ணன் அப்படித்தான் கிளம்பினார். முந்தின நாள் காவலுக்கு இடித்து வைத்த மருந்து குழலுக்குள் இருந்தது. எங்கள் ஊரில் அதைக் காலி செய்ய ஒரே வழிதான் எல்லோருக்கும் தெரியும். காலை எட்டு மணிக்கு, வரப்பில் நின்று, மண்ணைப் பார்த்து ஒரு வெடி. வெடித்துவிட்டு, குழலைத் துடைத்து, துண்டில் சுற்றி, பைக்கில் வைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள், ரோட்டில் போன யாரோ செல்போனில் பிடித்த வீடியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"எலக்சன் நேரத்துல எதுக்குய்யா சுட்ட?"

"காலியாக் கொண்டாரச் சொன்னீங்களே, ஐயா."

"காலி பண்ணச் சொன்னா வெடிப்பியா?"

"வெடிக்காம எப்படிங்கய்யா காலி பண்றது?"

அண்ணன் நக்கல் அடிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிகாரி அதை நக்கலாக எடுத்துக்கொண்டார். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியால் சுட்டுப் பொதுமக்களை அச்சுறுத்தியதாக வழக்கு. ஜாமீனில் வந்தபின் ஐந்து வருடம் வாய்தா வாய்தா என்று அலைந்தார். போன வருடம்தான் விடுதலையானார். விடுதலை அவருக்கு மட்டும்தான், துப்பாக்கி உள்ளேயே கிடக்கிறது. இந்தக் கடலைப் பட்டத்துக்குள் லைசென்ஸைப் புதுப்பித்துத் தந்துவிட்டால் கொல்லையைக் காப்பாற்றிவிடலாம் என்று மனு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறிக்கொண்டிருந்தார்.

போன வாரம் என் மேசைக்கு வந்தவர் வால்ட். எழுபது வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தி நேரத்தில் நுனிக் குமிழ் மங்கிப் போகிறது, ரெட் டாட் வேண்டும் என்றார். மாட்டிக்கொண்டே, மான் எதுவும் அகப்படாவிட்டால் குழலில் இருக்கும் மருந்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்வது? இருட்டுவதற்குள் மண்ணில் ஒன்று சுட்டுவிட்டு வண்டியில் ஏறுவேன். எல்லோரும் அப்படித்தான்."

திருப்புளி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. எல்லோருமா! அண்ணன் கதையை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அவரிடம் அந்த சீசனுக்கு அனுமதிச் சீட்டு இருந்ததா?" என்றார். சீசன் இல்லை, தேர்தல் என்றேன். "ஓட்டுப் போடும் நாளில் வேட்டைக்குப் போனாரா? எனக்குப் பிடித்துவிட்டது உன் அண்ணனை!" என்று சிரித்தார். வேட்டை இல்லை, பன்றி வந்து கடலையைத் தின்கிறது என்றேன். "பன்றியா? வருடம் முழுக்கவா? அடுத்த விமானத்தில் வந்துவிடுகிறேன்!" அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த நிமிடம் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்ன வரும் பன்றி அவருக்கு விடுமுறைக் கொண்டாட்டமாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே ஒரு ரெட் டாட்டை என் காசில் வாங்கினேன். அண்ணனுக்கும் வயது ஐம்பத்திரண்டு ஆகிறது. அவருக்கும் கண் மங்கியிருக்கும். துப்பாக்கி திரும்பி வந்ததும் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் வீடியோ காலில் கூப்பிட்டு, கண்ணாடிக்குள் புள்ளி தெரிவதைக் காட்டினேன். அங்கே அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இத வச்சு எதக் குறி பாக்கப் போறேன்? துப்பாக்கில குண்டு எப்படா போட்டோம்? மருந்தக் கொட்டித் தேங்கா நார வச்சு இடிப்போம். பன்னி ஓடணும், அம்புட்டுதான. எனக்குச் சத்தம்தானடா வேணும்."

எனக்குச் சுரீரென்றது. அந்த நாரைப் பிய்த்துக் கொடுத்தவனே நான்தான். பள்ளிக்கூடம் போகும் வயதில் எத்தனை மட்டை உரித்திருப்பேன்! ஏழு வருடத்தில் அதை மறந்துவிட்டு, வால்ட் மாதிரியே நானும் பன்றியைச் சுடுகிற பொருளாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். வால்ட் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"மனு என்னண்ணே ஆச்சு?"

"தள்ளிட்டாங்க. கேஸு இருந்த ஆளுக்குக் குடுக்க முடியாதாம்."

"விடுதலை ஆயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு. கேஸு இருந்துச்சுல்ல, அதான். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. கடல போடல இந்த வருசம். தைலமரக் கன்னு வச்சுட்டேன். அதப் பன்னி திங்காது."

தைலமரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் வைத்தபோது, கிணற்றைக் குடித்துவிடும் என்று அவரோடு சண்டைக்குப் போனவர் அண்ணன். அவரே வைத்துவிட்டார். குண்டே போடாத துப்பாக்கியால் பொதுமக்களை அச்சுறுத்தினார் என்று எழுதியவர்களுக்கு அந்த மூன்று ஏக்கரைக் காட்ட வேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு நான் யாருக்குக் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை, மாட்டிய புள்ளி சரியாக நிற்கிறதா என்று சுட்டுப் பார்க்க வால்ட் என்னைக் கூட்டிப்போனார். அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு, அடித்தாள் மேல் பனி. பொழுது சாயும்வரை அவர் சுட, நான் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியாக இடித்த ஒரு குண்டு குழலில் மிச்சமிருந்தது. "நீயே காலி பண்ணிவிடு" என்று துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

இரண்டு கண்ணையும் திறந்து புள்ளியை மண்மேட்டில் வைத்தேன். சுட்டேன். வாடை அதேதான், எங்கள் கொல்லை வாடை. அடுத்த நொடி தலை தன்னால் பின்பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தது.

"யாரைத் தேடுகிறாய்?" என்றார் வால்ட்.

யாருமில்லை என்றேன். ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லை. விரட்ட ஒரு பன்றியும் இல்லாத அந்தக் காட்டின் மேல் சத்தம் உருண்டு உருண்டு போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கேட்டது அது ஒன்றைத்தான்.