வழுக்கு மரத்தில் அறுந்த படம்

படம் அறுந்தது. அறுத்தது நான். ருவான்வெல்லை கடைத்தெருவில் என் ஸ்டூடியோ வாசலில் ‘பழைய படச்சுருள்கள் பாதுகாப்பாகச் சீடீயில் மாற்றித் தரப்படும்’ என்று போர்டு தொங்கிக்கொண்டிருக்கையில்தான் அறுந்தது. இந்தத் தொழிலில் கைவைத்து அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்: படச்சுருளைவிட, அதைக் கொண்டுவருகிற ஆள் சீக்கிரம் சூடாவார். அவரைவிட நான் சீக்கிரம்.

புகைக்கூடு

எங்கள் பக்கம் மழை ஓயாது. மழை ஓயாவிட்டால் பெட்டிக்குள் பூஞ்சணம். தெரணியகலைப் பக்கம் ரப்பர் பெக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் ஒரு தகர டின்னோடு வந்தார். திறந்தேன். அடுப்பங்கரை வாசம். உள்ளே படம் சிரட்டை நிறத்தில் சுருண்டு கிடந்தது.

என்னய்யா செய்தீர் என்றேன். “பூஞ்சணம் புடிச்சிருந்துச்சுங்க. ரப்பர் ஷீட்ட புகைக்கூட்டுலதான காய வைக்கிறோம்? ஷீட்டோட ஷீட்டா இதையும் ஒரு வாரம் தொங்கவிட்டேன்” என்றார். இது ரப்பர் இல்லை, சூடு பட்டால் சுருங்கும், ஓரத்து ஓட்டைகள் இனி மிஷின் பல்லில் உட்காராது என்று சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு டின்னை மூடினார்.

“இருந்தாலும் பூஞ்சணம் போயிருச்சில்லங்க?”

மேலயா, கீழயா?

தங்கவேலு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்தவர். வாலிபத்தில் ஒரு சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் வழுக்கு மரம் ஏறி உச்சியில் இருந்த கொடியைப் பிடுங்கினாராம். அப்போதிருந்த தோட்டத்துத் துரை கையடக்கக் கேமராவில் அதைப் படம் பிடித்தாராம். லயத்து வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. யாராவது புளுகினால் ‘இது தங்கவேலு கொடி’ என்பார்கள். கடைசியில் பேரப்பிள்ளைகளும் சிரிக்கத் தொடங்கினார்கள். அதுதான் அவரைச் சுட்டது. துரை பங்களாவில் சமையல் பார்த்த பழைய அப்புவைத் தேடிப் பிடித்து, துரை விட்டுப்போன சாமானுக்குள் இருந்து அந்தச் சுருளை வாங்கி வந்திருந்தார். மொத்தம் மூன்று நிமிஷப் படம்.

முதலில் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மிஷின். எனக்குத் தெரியும். ஆனால் அன்று மூன்று கல்யாண அல்பம் தலைக்குமேல் நின்றது. அவரும் “ஓட்டுங்க முதலாளி, ஓட்டுங்க” என்று குதித்தார். ஓட்டினேன். சுவரில் தொங்கிய வெள்ளைத் துணியில் கூட்டம் தெரிந்தது. மரம் தெரிந்தது. ஒரு ஆள் ஏறினான், விழுந்தான், திரும்ப ஏறினான். மூன்றாம் தடவை பாதி மரத்தில் படம் சிக்கி நின்றது. மிஷின் விளக்குச் சூட்டில் நடுவில் பழுப்பாய் ஒரு கொப்புளம் கிளம்பியது. பதறிப் பிடுங்கினேன். அறுந்தது.

தங்கவேலு வெறும் வெள்ளைத் துணியைப் பார்த்தபடியே கேட்டார்: “நான் அந்நேரம் எங்கங்க இருந்தேன்? மேலயா, கீழயா?”

வாய் மூடி நின்ற கல்யாணம்

அதன் பிறகு அவர் தினமும் காலையில் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கமாட்டார். அதுதான் தாங்கவில்லை. அவர் முன்னாலேயே மற்றவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் புடைவைக் கடை ஹாஜியார் தன் கல்யாணச் சீடீயைத் திருப்பிக் கொண்டுவந்தார். சத்தம் வரவில்லையாம். அந்தக் காலத்துச் சுருளில் சத்தமே பதியவில்லை ஹாஜியார், நான் எங்கே போய் எடுப்பேன் என்றேன்.

“அப்ப அண்டைக்கு நாங்க அவ்வளவு பேரும் வாய மூடிக்கொண்டா நிண்ட?”

பெஞ்சில் இருந்த தங்கவேலு சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மருமகன்

தங்கவேலுவின் மருமகன் செல்வராஜ் கடைத்தெருவில் திரீவீல் ஓட்டுகிறவன். மாமனாரை ஏற்றிப்போக வருவான். வந்தால் சும்மா போகமாட்டான். அறுந்த துண்டுகளை நான் பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய இடம் தடித்தது. மிஷின் இன்னும் இரண்டு ஓட்டையைக் கிழித்தது. செல்வராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொடிய எடுக்கிற நேரம் பார்த்து மிஷினுக்கே நெருப்புப் புடிச்சிருச்சு பாருங்க மாமா. பொய்யத் தாங்கல.”

கண்ணாடி மேசை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்தாள். தங்கவேலுவின் மகள், செல்வராஜின் மனைவி. ரப்பர் பெக்டரியில் ஷீட்டுப் பொறுக்குகிறவள். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும். அதன்மேல் ஷீட்டை விரித்து, அழுக்கையும் குமிழியையும் தேடிக் கத்திரியால் நறுக்கி எடுப்பதுதான் நாள் முழுக்க வேலை. நான் ஒட்டியதைத் தூக்கிப் பிடித்தாள். “இப்படி வெட்டியிருந்தா எங்க கணக்கப்புள்ள என்னைய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு” என்றாள்.

என் அல்ப மேசைக் கண்ணாடிக்கு அடியில் விளக்கை வைக்கச் சொன்னாள். தண்ணீர் தொடவில்லை. ஒட்டிக்கிடந்த சுற்றுகளை நகத்தால் அல்ல, மெல்லிய காகிதத்தை உள்ளே விட்டுப் பிரித்தாள். உலர்ந்த துணியால் பூஞ்சணத்தைத் துடைத்தாள். கருகியது மூன்றே கட்டம். அதை மட்டும் நறுக்கினாள். கிழிந்த பகுதியை இனி மிஷினில் ஓட்டக்கூடாது என்று எனக்கும் அப்போதுதான் புத்தி வந்தது. கண்ணாடியில் வைத்து அவள் ஒவ்வொரு கட்டமாக நகர்த்த, நான் டிஜிட்டல் கேமராவில் ஒவ்வொன்றாக எடுத்தேன். சில நூறு கட்டங்கள். இரண்டு ஞாயிறு போயிற்று. என் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக ஒரு வேலை செய்ததில்லை.

“முதலாளி, கொஞ்சம் மூச்சுவிடாம இருங்க. கட்டம் ஆடுது.”

தோள்

கம்ப்யூட்டரில் கோத்து, கடை டீவீயில் போட்டேன். செல்வராஜ் உள்ளே வராமல் வாசலில் சாய்ந்து நின்றான். மரம். தங்கவேலு ஏறுகிறார், வழுக்கி விழுகிறார். மறுபடி ஏறுகிறார், மறுபடி விழுகிறார். மூன்றாம் தடவை ஒரு ஆள் வந்து மரத்தடியில் குந்தித் தோளைக் கொடுக்கிறான். அதன்மேல் ஏறி நின்று எம்புகிறார் தங்கவேலு. கருகிய இடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளியது. அதைத் தாண்டி மேலே ஏறுகிறார்; கையில் கொடி. கேமரா கீழே இறங்குகிறது. தோள் கொடுத்தவன் முகத்துக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

“நிப்பாட்டுங்க” என்றான் செல்வராஜ். நிறுத்தினேன். டீவீக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். அது அவன் அப்பா மாரிமுத்து. இவன் தவழ்கிற வயதில் செத்துப்போனவர். வீட்டில் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்; அதில் முறைத்துக்கொண்டு இருப்பார். தங்கவேலு கழுத்தைச் சொறிந்தார். “அவனுந்தான் இருந்தான்... நான் சொல்லாம விட்டுட்டேன்” என்றார். செல்வராஜ் திரும்பவில்லை.

“தோள் எங்கப்பாவோடது மாமா. இனிமே கதை சொன்னா அதையும் சேத்துச் சொல்லுங்க.”

போர்டில் ‘பாதுகாப்பாக’ என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியவன் நான்தான்; அந்தச் சொல்லைக் காப்பாற்றியவள் தங்கவேலு மகள் சரசு.