வேகத்தடை என்ற ஃபோல்டர்

வண்டியை ரோட்டில் இறக்காமலேயே சோதிப்பது என் வேலை. ஒரு பேருந்து மேட்டில் ஏறி இறங்கினால் அதன் அச்சு என்ன பாடுபடும் என்று கணினியே கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அந்தக் கோப்புகளைப் படிக்க, மற்றவர்களும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறிய லைப்ரரி எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தேன். அலுவலகம் சென்னையில். நான் மன்னார்குடிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன்.

ஒரு நாள் யாரோ ஆங்கிலத்தில், ‘சார்’ போட்டு, கோப்பு திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். அவர் அனுப்பிய கோப்பு என்னிடம் ஒழுங்காகத் திறந்தது. அதைச் சொன்னேன். ‘இங்கே திறக்கவில்லை’ என்று மறுபடி வந்தது. மரியாதை குறையாமல் இருவரும் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். கோப்பு இருந்த ஃபோல்டரின் பெயர் தமிழில் இருந்தது: வேகத்தடை.

தமிழிலேயே பதில் எழுதி என் எண்ணைக் கொடுத்தேன். உடனே ஒரு பெண் கூப்பிட்டார்.

“சார் இருக்காங்களா?”

“நான்தாங்க அது.”

சிரித்துவிட்டார். “மன்னிச்சுக்குங்க, பொம்பளைன்னு தெரியாம சார்னு எழுதிட்டேன். நான் கூத்தாநல்லூர்லேருந்து பேசறேன்.”

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்.

“ஃபோல்டருக்குத் தமிழ்ல பேர் வச்சிருக்கீங்களே?” என்றேன்.

“வீட்ல எல்லாருக்கும் நடுவுல உக்காந்துதான் வேலை பாக்கறேன். தமிழ்ல இருந்தா சட்டுன்னு கண்ணுல படுது. தப்பாங்க?”

“இல்லைங்க. லைப்ரரிலதான் கோளாறு.”

அவர் கணினி ஓடுவது விண்டோஸில், என்னுடையது லினக்ஸில். விண்டோஸில் என் லைப்ரரி ஃபோல்டரின் பெயரைப் படிக்கும்போது தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிட்டன. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அது கைவிரித்தது. திருத்தி அனுப்பினேன். சரிவரவில்லை. வேறு விதமாகத் திருத்தினேன்.

“தொழுதுட்டு வந்து பாக்கறேங்க” என்று வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டபோது, “திறந்துடுச்சுங்க!” என்று கத்தினார். பின்னாலிருந்து யாரோ என்னவென்று கேட்டார்கள். “பஸ்ஸு வேகத்தடையில ஏறிடுச்சும்மா” என்று அவர்களிடம் சொன்னார்.

எனக்கும் சந்தோஷம்தான். சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் நாற்றுப் பறிக்கிற இடத்தில் இருந்தார்கள்.

அதன்பின் விண்டோஸ் சம்பந்தமாக வருகிற கேள்விகளை அவரே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை.

போன ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லைப்ரரியைப் பற்றி இருவரும் பேசவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அவர் தம்பியைப் பற்றியும், எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ஏன் வேண்டாம் என்பதைப் பற்றியும் பேசினோம். பஸ் ஏற்றிவிடக் கூட வந்தார். பேச்சு முடியாததால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.